பாட்டை எங்கே எடுப்பது?

எங்கள் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து மேலே ஏறும் இடம் வந்ததும் பிள்ளைகளின் குரல் இரண்டாகப் பிளந்துவிடும். பாதிப் பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள். மீதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் கீழ் ஸ்தாயிக்கு (ஒரு 'ஸ' முதல் அடுத்த 'ஸ' வரை ஒரு ஸ்தாயி) இறங்கி அங்கிருந்து தொடர்வார்கள். பாலக்கோடு வட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கும் நான் இதை ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். முதல் வரிசையில் நிற்கும் பெண் ஒருத்தி வாய்க்கு வந்த சுருதியில் எடுப்பாள், மற்றவர்கள் அவளைத் தொடர்வார்கள், அவ்வளவுதான் ஏற்பாடு. மார்கழிக் குளிரில் தொண்டை இறுகிக் கிடக்கும் காலையில் அவள் எடுப்பது ஓரிடம். கல்வி அலுவலர் வந்து நிற்கும் நாளில், பதற்றத்தில், அதே பெண் எடுப்பது வேறிடம். இதைக் குறையென்று யாரும் சொன்னதில்லை. கத்தலையே உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு நல்லாச் சத்தமாப் பாடினாங்க" என்று பாராட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவோம்.

2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, மோகன ராகத்தில், மும்மூன்றாக எண்ணும் மும்மை நடையில், 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தது. இசைத்தட்டைப் போட்டு ஒலிக்கவிடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் சொன்னது. ராகம், தாளம், நேரம் மூன்றும் முடிவாகிவிட்டன. எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், எடுப்பது என்பது மட்டும் பாடுகிறவர்கள் பாடு. அப்படி விட்டதும் நியாயம்தான். ஊர் ஊராக இருக்கும் தொண்டைகளுக்குக் கோட்டையிலிருந்து ஒரு சுருதியை விதிக்க முடியாது. ஆனால் "பயிற்சி பெற்றவர்கள்" என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இசையாசிரியர் இல்லாத பள்ளியில் அந்தப் பயிற்சியைப் பெற்றவர் யார், கொடுப்பவர் யார்?

இன்னொரு உறுத்தல் என் தொண்டையிலேயே இருந்தது. ஐந்தாம் பாடவேளை முடியும்போது என் குரல் கரகரத்துவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டுக் கட்டி, புண் எதுவும் இல்லை என்றார். அடிக்கடி கனைப்பதை நிறுத்துங்கள், கனைக்கும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதித் தேய்கின்றன, அந்த நேரத்தில் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள் என்றார். கூடவே, "உங்களுக்கு வராத உயரத்தில் நின்று பேசுகிறீர்கள்" என்றும் சொன்னார். வராத உயரத்தில் பிள்ளைகள் பாடுகிறார்கள், வராத உயரத்தில் நான் பேசுகிறேன். இரண்டும் ஒரே நோய்தான் என்று அன்று தோன்றியது. மகள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து பரண்மேல் கிடந்த 61 கட்டைக் கீபோர்டைக் கீழே இறக்கித் துடைத்தேன். நாற்பதைக் கடந்த வயதில் பாட்டும் கீபோர்டும் படிக்கப் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா, "ரெண்டுல ஒண்ணுகூட இந்த வயசுல வராதே" என்றார். அவர் சொன்னதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

இரண்டு ஆசிரியர்கள்

தருமபுரியில் குமாரசாமிப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். நாகஸ்வரக்காரர் வீட்டில் பிறந்தவர். குரலைவிடக் காது பெரிது என்று நம்புகிறவர். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறைப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியிலிருந்துதான் தொடங்கினார். ஏன் இந்த ராகம் என்று கேட்டதற்கு விளக்கம் சொல்லாமல் பாடவைத்தார், பாடப்பாடத்தான் புரிந்தது. ஸ-ரி நெருக்கமாக, ரி-க தள்ளி, க-ம நெருக்கமாக அமைவது போலவே ப-த நெருக்கமாக, த-நி தள்ளி, நி-ஸ நெருக்கமாக அமைகிறது. முதல் பாதியில் தொண்டை கற்றுக்கொண்ட அளவுகளையே இரண்டாம் பாதியில் மறுபடி கையாளலாம். மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடி முடித்த பிறகு சுரப் பெயர்களை விட்டுவிட்டு அகாரத்தில், 'ஆ' என்று மட்டும், பாடச் சொல்வார். குட்டு அங்கேதான் உடையும். 'ஸரிகம' என்று சொல்லும்போது மெய்யெழுத்துகள் ஓரளவு மறைத்துக்கொடுக்கும். அகாரத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் மாறும்போது 'ஆ-ஹா-ஹா' என்று காற்று கசிவது நன்றாகத் தெரிந்துவிடும். காற்றைத் தள்ளிச் சுரத்தை மாற்றாமல் குரலை உள்ளிருந்தே நகர்த்த வேண்டும் என்பதற்காக ஒரே அகார வரிசையை மணிக்கணக்கில் பாடவைப்பார்.

அவருக்குக் கீபோர்டு என்றாலே ஆகாது. கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வராத பெட்டி என்பது எல்லோரும் சொல்லும் குறை. அவர் சொன்ன இன்னொரு குறை அதைவிடக் கூர்மையானது. தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை (கீழ் 'ஸ') மீட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் உயர்ந்த வகை) ஒன்று அதற்குள்ளிருந்து தானாக எழும். அந்தக் காந்தாரமும் கீபோர்டின் காந்தாரமும் ஒன்றல்ல. கீபோர்டில் ஒரு ஸ்தாயியைச் சரிசமமாகப் பன்னிரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். அப்படிப் பிரித்த ஒரு பங்கை நூறாக்கினால், கீபோர்டின் காந்தாரம் தம்புராவின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 பங்கு உயர்ந்து நிற்கிறது. இதே காரணங்களால்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971இல்தான் மறுபடி உள்ளே விட்டது என்பதைச் சொல்லும்போது, அந்தத் தடையை நீக்கியிருக்கவே கூடாது என்ற வருத்தம் அவர் குரலில் தெரியும்.

கீபோர்டுக்கு நான் போனது மாதா கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஒருவரிடம். பகலில் மின்சாதனக் கடை, மாலையில் வகுப்பு. அவருடைய கட்சி நேர் எதிரானது. தம்புராச் செயலியைப் போட்டுக்கொண்டு பாடுகிறவர்கள் சுருதியோடு சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நாலாவது வரியில் எங்கேயோ போய்விடுகிறார்கள், அதைக் காட்டிக்கொடுப்பது கட்டைதான், அதனால் காதை நம்பாதீர்கள், பெட்டியை நம்புங்கள் என்பார். விரல்களுக்கு எண் கொடுப்பதிலிருந்து தொடங்கினார்: கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. மணிக்கட்டு தொங்கவும் கூடாது, தூக்கிக்கொண்டு நிற்கவும் கூடாது. விரல்கள் வளைந்து நுனியால் அழுத்த வேண்டும். வெள்ளைக் கட்டைகளில் ஒரு ஸ்தாயி ஏற 1-2-3, பிறகு கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து மறுபடி 1-2-3-4-5. எட்டுச் சுரத்துக்கு ஐந்து விரல் போதாது என்பதற்காகக் கண்டுபிடித்த அந்த ஒரு நுழைப்பு என் கைக்கு வர ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. முழங்கையைத் தூக்காமல், சத்தத்தில் ஒரு முட்டு விழாமல், கட்டைவிரல் தன் கட்டைக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது அதைச் செய்யாதவர்களால் வேகமாக வாசிக்கும்போதும் செய்ய முடியாது.

இரண்டு கறுப்புக் கட்டைக் கூட்டத்துக்கு இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையை ஒன்று என்று தொடங்கி வெள்ளைக் கட்டைகளை ஏழு வரை எண்ணுவோம்; நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஒன்று என்ற கட்டையிலிருந்து வரிசையாக அழுத்தினால் சங்கராபரணத்தின் சுரங்கள் கிடைக்கும். சென்னைக் கோட்டையின் ஆங்கிலப் பட்டாள வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளை முத்துசுவாமி தீட்சிதர் அந்த ராகத்தில் நோட்டு சாகித்தியங்களாக்கினார் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு ஆசிரியர்களும் இவ்வளவு முறைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் எனக்கு இருந்த சிக்கல் வரலாற்றால் தீரக்கூடியது அல்ல. வலக்கையால் மெட்டை வாசித்துக்கொண்டே கூடப் பாடினால் என் குரல் அச்சில் வார்த்தது போல இருக்கும். கையை எடுத்துவிட்டு அதே மெட்டைப் பாடி, முடித்த இடத்தில் கட்டையை அழுத்திப் பார்த்தால் அரைக் கட்டை இறங்கியிருப்பேன். "பார்த்தீர்களா, பெட்டி காதைக் கெடுத்துவிட்டது" என்றார் பாட்டம்மாள். "பார்த்தீர்களா, பெட்டி இல்லாவிட்டால் உங்களுக்குச் சுருதியே நிற்கவில்லை" என்றார் மாதா கோயில்காரர். ஒரே சான்று இரண்டு பேருக்கும் சாதகமாக இருந்தது. நான் இரண்டு வகுப்புக்கும் போய்க்கொண்டு, ஓரிடத்தில் சொன்னதை மற்றோரிடத்தில் சொல்லாமல் காலம் தள்ளினேன்.

கொட்டகையில் கேட்ட கேள்வி

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. எங்கள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெரியப்பா கர்ணன் வேஷம் கட்டுகிறார் என்று அவன் வீட்டார் அழைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு வேஷம் கட்டும் கொட்டகைக்குள் எங்களை உட்காரவைத்தார்கள். பெரியப்பா கண்ணாடியைத் தொடையில் சாய்த்துவைத்து முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். ஆர்மோனியக்காரர் பெட்டியை இழுத்துவைத்துக்கொண்டு, முதல் பாட்டு என்ன என்று கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "அண்ணா, இன்னைக்கு மேல எதுவரைக்கும் போவும்?" பெரியப்பா தூரிகையைக் கீழே வைக்காமலேயே, கண்ணை மூடிக்கொண்டு, இரவு முழுவதும் பாடப்போகும் விருத்தங்களில் எது உச்சியோ அந்த இடத்தை மட்டும், முழுக் குரலில், ஒரே ஒரு மூச்சு பாடினார். ஆர்மோனியக்காரர் ஒற்றை விரலால் தேடி அந்தச் சுரத்தைப் பிடித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஒரு கட்டை இறக்கி மறுபடி பாடச் சொன்னார். இந்த முறை பெரியப்பாவின் தாடை இறுகவில்லை. அதை நானே பார்த்தேன். அந்த உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வந்து ஸட்ஜம் விழும் கட்டையைக் கண்டுபிடித்து, அருகிலிருந்த குங்குமக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு அந்தக் கட்டையின் மேல் ஒரு பொட்டு வைத்தார். அன்றிரவுக்கான சுருதி முடிவாகிவிட்டது.

எங்கள் பள்ளியில் பாட்டை முதல் சுரத்திலிருந்து எடுத்தோம். அவர்கள் கடைசி உயரத்திலிருந்து எடுத்தார்கள். இவ்வளவு எளிய விஷயம் எந்த வகுப்பிலும் என் காதில் விழாமல் போனதற்குக் காரணம், வகுப்புகளில் சுருதி ஏற்கெனவே முடிவாகியிருப்பதுதான். பெண்கள் என்றால் ஐந்தரை, ஆறு. ஆண்கள் என்றால் ஒன்று, ஒன்றரை என்று செயலியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். கச்சேரி மேடைக்கு அது பொருந்தும், ஏனென்றால் பாடுகிறவர் தன் குரலுக்கேற்ற கீர்த்தனையைத் தேர்ந்துகொள்கிறார். பாட்டு முன்கூட்டியே முடிவாகி, பாடுகிறவர்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் அந்தப் பழக்கம் உதவாது.

ஆட்டம் தொடங்கிய பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். பெரியப்பா பாடும்போது ஆர்மோனியக்காரரின் விரல்கள் ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலும் ('ஸ', 'ப') மட்டும் ஊன்றியிருந்தன. மெட்டை அவர் தொடவே இல்லை. வரி முடிந்து பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்ளும்போதும், அடவு நடக்கும்போதும்தான் விரல்கள் மெட்டின் மேல் ஓடின. எல்லா ஆர்மோனியக்காரர்களும் இப்படி வாசிப்பதில்லை. பாடகரின் மேலேயே ஏறி வாசிப்பவர்களைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். நடுச்சாமத்தில் தேநீர் வந்தபோது அவரிடமே கேட்டேன். "கூடவே பொட்டியும் பாடுனா அவரு பாடறது அவருக்கே கேக்காதுங்க டீச்சரம்மா. நிக்கற எடத்தைக் காட்டிட்டு நாம ஒதுங்கிக்கணும்" என்றார். விடியும் நேரத்தில் பெரியப்பாவின் குரல் களைத்தபோது, யாரிடமும் சொல்லாமல், ஓர் அடவின் சத்தத்துக்குள் அரைக் கட்டையை இறக்கிவிட்டார். கூத்துப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பது சந்தேகமே.

என் இரண்டு ஆசிரியர்களின் சண்டைக்கு இதில் விடை இருந்தது. மெட்டை வாசித்துக்கொண்டே பாடியபோது என் தொண்டை அடுத்த சுரத்தைத் தானாக நினைத்துப் பிடிக்கவே இல்லை. கை போன இடத்துக்குப் பின்னாலேயே போனது. பெட்டியின் சத்தம் என் குரலை எனக்குக் கேட்காமல் செய்ததால் நான் விலகியதும் எனக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்குப் பாட்டம்மாள் சொன்னது சரி. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டவும், நின்றோமா என்று பிறகு சரிபார்க்கவும் அசையாத ஒன்று வேண்டும். அந்த அளவுக்கு மாதா கோயில்காரர் சொன்னதும் சரி. ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்ததில் ஒரு நுட்பமும் இருக்கிறது. கீபோர்டிலும் ஆர்மோனியத்திலும் காந்தாரம் 14 பங்கு விலகி நிற்கிறது. பஞ்சமமோ 2 பங்குதான் விலகுகிறது, அதைக் காது பொருட்படுத்துவதில்லை. காந்தாரத்தை வாசிக்காமல் விட்டால், பாடுகிறவர் அதைத் தன் காது கேட்கும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆர்மோனியக்காரர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டாரா என்பது முக்கியமில்லை. அவர் கை அதை அறிந்திருந்தது.

கையை எடுத்த பிறகு

அதற்குப் பிறகு என் பயிற்சியின் வரிசை மாறியது. ஸட்ஜத்தை ஒருமுறை அழுத்திக் கேட்பேன். கையை மடியில் வைத்துக்கொள்வேன். 'ஸ ரி க ப' என்று பாடிப் பஞ்சமத்தில் நிற்பேன். நின்றபடியே பஞ்சமக் கட்டையை அழுத்துவேன். குரலும் கட்டையும் சேர்ந்தால் சத்தம் அமைதியாக இருக்கும். சேராவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஓர் அதிர்வு துடிக்கும். அந்தத் துடிப்பைக் கேட்கத் தெரிவதுதான் சுருதிஞானத்தின் முதல் படி என்பது என் கட்சி. இப்படிப் பார்த்தபோது என் பிழை எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தது: ஏறும் சுரங்களில் அதிகக் கேடில்லை, வரியின் கடைசியில் நீட்டி நிற்கும் சுரம் மட்டும் ஒவ்வொரு முறையும் நூலளவு தாழ்ந்தது. காரணம் காதில் இல்லை, மூச்சில். தோளைத் தூக்கி நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, முதல் இரண்டு சுரத்திலேயே பாதிக் காற்றைச் செலவழித்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுரத்துக்கு வரும்போது கீழிருந்து தாங்க அழுத்தம் இல்லாமல் குரல் இறங்கியது.

"வயிற்றிலிருந்து பாடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். வயிற்றில் குரல் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குவதால் வயிறு முன்னே வருகிறது, அவ்வளவுதான். பாடகருக்கு வேண்டியது, இழுத்த காற்று ஒரேயடியாக வெளியேறாதபடி கீழ் விலா எலும்புகளை விரிந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருக்கும் பழக்கம். இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் காற்றைவிட்டுப் பார்த்தால் அது எப்போது கைவிடுகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும். அதற்கடுத்து, உதடுகளை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டபடி ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை வழுக்கி ஏறி இறங்குவது. வாய்முனையைப் பாதி அடைப்பதால் காற்று சற்றே திரும்பித் தள்ளுகிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர்கின்றன. மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக 'ஊ' என்று பாடுவதும் இதே வேலையைச் செய்யும். காலையில் பேருந்து ஏறுவதற்கு முன் சமையலறையில் இதைச் செய்துவிட்டுப் போகும் நாளில் ஐந்தாம் பாடவேளையிலும் என் தொண்டை கரகரப்பதில்லை. இன்னொன்றும் செய்தேன்: வகுப்பில் பேசும் குரலிலேயே வீட்டில் ஒரு வாக்கியம் சொல்லி அது எந்தக் கட்டை என்று தேடினேன். பெண்களின் சாதாரணப் பேச்சு வினாடிக்கு 200 அதிர்வுகளை ஒட்டி இருக்கும், அதாவது ஐந்து, ஐந்தரைக் கட்டைப் பக்கம். என் வகுப்புக் குரல் அதற்கு மேலே போய் நடு ஸ்தாயியின் இரண்டு, மூன்று கட்டையில் நின்றுகொண்டிருந்தது. மருத்துவர் சொன்ன "வராத உயரம்" எவ்வளவு என்பதை அளந்து காட்டியது அந்தப் பழைய கீபோர்டுதான்.

மோகனத்தைக் கீபோர்டில் தொடங்குகிறவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இதை எந்த வகுப்பிலும் முதலில் சொல்வதில்லை. நாலரைக் கட்டையை, அதாவது மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதல் கட்டையை, ஸட்ஜமாக வைத்துக்கொண்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் மோகனம். மூன்று கட்டைக் கூட்டத்துக்கு 2-3-4, இரண்டு கட்டைக் கூட்டத்துக்கு 2-3. கட்டைவிரலை நுழைக்கும் தொல்லையே இல்லை. அதே ஐந்து கறுப்புக் கட்டைகளில் இரண்டாவதை ஸட்ஜமாக்கினால் மத்தியமாவதி, மூன்றாவதிலிருந்து இந்தோளம், நான்காவதிலிருந்து சுத்தசாவேரி, ஐந்தாவதிலிருந்து சுத்ததன்யாசி. ஸட்ஜத்தின் இடம் மாறினால் ராகமே மாறும் கிரகபேதம் என்று ஏட்டில் படித்துப் புரியாமல் விட்டது கண்ணுக்கு முன்னால் கட்டைகளாகக் கிடந்ததைக் கண்ட மாலையில் நான் இரவுச் சமையலை மறந்தேன். ஆனால் பிள்ளைகளின் உச்சியைக் கேட்டுக் கீழ்நோக்கி எண்ணியபோது எங்கள் பள்ளிக்கு ஒத்துவந்தது நாலரை அல்ல, ஐந்தரை. அங்கே மோகனத்தில் இரண்டு வெள்ளைக் கட்டைகள் நுழைந்துவிடும், விரல்வரிசை மாறும்.

கீபோர்டில் சுருதி மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அழுத்திவிட்டுப் பழைய கறுப்புக் கட்டைகளிலேயே வாசிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மாதா கோயில்காரரே அதைத்தான் செய்வார். குழுவுக்கு வாசிப்பவருக்கு அது பெரிய வசதி. பாடக் கற்பவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது என் முடிவு. கண் நாலரையைப் பார்க்கும்போது காதில் ஐந்தரை விழுந்தால், எந்தக் கட்டை எப்படி ஒலிக்கும் என்ற நினைவு கடைசிவரை படியாது. பொத்தான் இல்லாத ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தவர் பன்னிரண்டு இடத்திலிருந்தும் வாசிக்கப் பழகியதால்தான் விடியற்காலையில் அரைக் கட்டையைச் சத்தமில்லாமல் இறக்க முடிந்தது.

பள்ளிக்குக் கீபோர்டைக் கொண்டுபோகவில்லை. பேருந்தில் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, தேவையும் இல்லை. எடுத்துக்கொடுக்கும் இரண்டு பெண்களுக்கு மட்டும் கைபேசியில் ஐந்தரையை ஒருமுறை கேட்கவைக்கிறேன். அவர்கள் அதை 'ம்' என்று மூக்கோடு முனகி வாங்கிக்கொண்டு, கைபேசியை அணைத்த பிறகுதான் எடுக்கிறார்கள். உயரத்தில் 'ஈ', 'ஊ' போன்ற உயிர்கள் வரும்போது பல்லைக் கடிக்காமல் தாடையைச் சற்று இறக்கி, அவற்றைக் கொஞ்சம் அகலமாக்கிப் பாட வேண்டும் என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். உச்சியில் கத்தல் நின்றுவிட்டது. சத்தம் குறைந்துவிட்டதாக ஓர் ஆசிரியர் குறைபட்டுக்கொண்டார். பாட்டின் சொற்கள் இப்போதுதான் கேட்கின்றன என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

தீராமல் இருப்பது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் விஷயம். இந்த வயதில்தான் குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீளுகின்றன; பெண்களுக்கு வளர்ந்த பின் சுமார் 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர் இருக்கும் நாண் ஆண்களுக்கு 17.5 முதல் 25 வரை போகிறது, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்குகிறது. முழுவதும் இறங்கிவிட்டவர்களுக்குச் சிக்கல் இல்லை. அதே ஐந்தரையை ஒரு ஸ்தாயி கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னால், முதலில் நம்பாமல் பார்த்தாலும், பிடித்துவிடுகிறார்கள். இறங்கிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. நடுவில் நான்கைந்து சுரங்கள் மட்டுமே நம்பகமாக இருக்கின்றன, அவையும் மாதத்துக்கு மாதம் நகர்கின்றன. குரல் பிசிறி மற்றவர்கள் சிரித்ததால் வாயை மூடிக்கொள்ளும் பையன்களில் பலர் பிறகு வாழ்நாளில் பாடுவதே இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஆசிரியர் அறையிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். வணக்கக் கூட்டத்தில் அவர்களை வற்புறுத்துவதில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தனியாக உட்காரவைத்து, ஆளுக்கு எது உச்சி, எது அடி என்று கேட்டுக் குறித்துவைக்கிறேன். மெட்டில் அவரவருக்கு எட்டும் துண்டை மட்டும் பாடச் சொல்லிவிட்டு, எட்டாத இடத்தில் ஸட்ஜத்தையோ பஞ்சமத்தையோ பிடித்து நிற்கச் சொல்கிறேன். பாட்டம்மாள் இதைக் கேட்டுவிட்டு, ஆறு மாதம் அவர்களைப் பாடவே விடாதே என்றார். மாதா கோயில்காரர், அவர்களுக்காகப் பாட்டையே இரண்டரைக் கட்டைக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டரையில் ஒருமுறை முயன்று பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கட்டையில் மோகனத்தின் விரல்வரிசையை நான் பழகியாக வேண்டும்.